ஒன்பதாம் மாடியில் ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு

புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளில் இராணுவம் ஏன் ஆட்சியைப் பிடிக்கிறது என்று பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். கனடாவில், ஸ்ரௌவ்வில் நகரத்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க அவளுடைய காகிதங்கள். வெள்ளைக்காரன் போகும்போது ஒழுங்காக விட்டுப்போனது படையை மட்டும்தான். பாராளுமன்றமும் நீதிமன்றமும் வேர் பிடிக்கவில்லை. தலைவர்கள் தங்களுக்குள் சண்டை வந்தபோது படையைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். ஒருமுறை வந்தவனுக்கு வழி தெரிந்துவிட்டது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். நானும் பன்னிரண்டு வயதில் ஓர் ஆட்சியைக் கவிழ்த்தவன் என்பது அவளுக்குத் தெரியாது.

அப்போது ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். இரண்டு படுக்கையறை, ஏழு பேர். அப்பா, அம்மா, நான், தம்பி. பெரியம்மா, அவருடைய இரண்டு பெண் பிள்ளைகள். பெரியப்பா போருக்குள் ஊரிலேயே அகப்பட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் தொலைபேசி கிடையாது, கடிதமும் எப்போதாவதுதான். மூத்தவள் என்னைவிட ஐந்து மாதம் பெரியவள். அந்த ஐந்து மாதத்துக்காக நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது.

பள்ளி விட்டு வந்ததும் நான்காம் மாடி அன்ரி ஒருவர் எங்களைப் பார்த்துக்கொள்வார். அவருக்கும் வேலை கிடைத்துவிட்டது. பெரியவர்கள் வீட்டுக்கு வர ஆறு மணியாகும். ஊரில் சரித்திர ஆசிரியராக இருந்த அப்பா, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாலு பேரையும் சோபாவில் இருத்தி, "நாளையிலயிருந்து உங்களுக்குச் சுதந்திரம்" என்றார். ஒரு தாளில் ஐந்து விதிகள் எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினார். முதலாவது, அக்காதான் பொறுப்பு. மூன்றாவது, கதவுச் சங்கிலி என் பொறுப்பு. எனக்குத்தான் பலம் அதிகம். ஐந்தாவது, நாலு மணிக்குத் தொழிற்சாலை இடைவேளையில் அப்பா வீட்டுக்குப் போன் எடுப்பார், அதைப் பொறுப்பாளர் மட்டுமே தொட வேண்டும்.

அந்த ஐந்தாவது விதிதான் எனக்குச் செமிக்கவில்லை. மணி அடித்ததும் அக்கா நீள வயரை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். மெல்லிய குரல் கேட்கும். சிலவேளை சிரிப்பும் கேட்கும். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் குறித்தேன். திங்கள் ஏழு நிமிடம். செவ்வாய் ஆறு. புதன் எட்டு. அப்பா என்னோடு சேர்ந்தாற்போல் எட்டு நிமிடம் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இரண்டாவது வாரம் தம்பிக்கும் சின்னவளுக்கும் டீவிக்காகச் சண்டை. அக்கா என்னிடம் வந்தாள். "உவன் என்ரை சொல்லுக் கேக்கிறான் இல்லை. நீ ஒருக்கா இழுத்து அறைக்குள்ளை விடு."

இழுத்து விட்டேன். நான் இல்லாமல் அவளால் ஆள முடியாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அவள் இல்லாமல் என்னால் முடியும் என்றும் தோன்றியது.

படை முதலில் வானொலி நிலையத்தைப் பிடிக்கும் என்று மகள் எழுதியிருக்கிறாள். நான் போனைப் பிடித்தேன். வியாழக்கிழமை, நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு, "இனி நான்தான் பொறுப்பு. ஒழுங்கு வந்தவுடனை திருப்பித் தருவன்" என்றேன். டீவி எல்லாருக்கும் பொது என்று அறிவித்தேன். தம்பி கை தட்டினான். அவன் தட்டியதால் சின்னவளும் தட்டினாள்.

அக்கா போனை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். நான் விடவில்லை. "உனக்குப் பொறுப்போ வேணும்? போன்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அழுதாள் என்று சின்னவள் வந்து சொன்னாள். பதவி போனால் அழத்தானே வேண்டும் என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு மணி அடித்தது.

"அக்கா எங்கை?"

"படிக்கிறா."

"கதவு பூட்டியிருக்கோ?"

"ஓம்."

"சாப்பிட்டாச்சோ? சின்னவள் அழேல்லையோ?"

"ஓம். இல்லை."

"சரி, வைக்கிறன். பின்னாலை ஆக்கள் வரிசையிலை நிக்கினம்."

நாற்பது விநாடி. வெள்ளிக்கிழமை முப்பத்தெட்டு. ஒழுங்கு வந்துதான் இருந்தது. ஆனால் எனக்குரிய எட்டு நிமிடம் வரும்வரை எப்படித் திருப்பிக் கொடுப்பது? திங்கள் நாற்பத்தைந்து. செவ்வாய் முப்பத்தாறு.

புதன்கிழமை நான் குப்பைப் பையை மாடி நடைபாதையில் இருந்த குப்பைக் குழாயில் போட்டுவிட்டு வருவதற்குள் கதவு உள்ளே பூட்டிச் சங்கிலியும் போட்டிருந்தது.

"திறடா."

"பொறுப்பாளரிட்டைக் கேக்க வேணும்" என்றான் தம்பி.

"ஆர் பொறுப்பாளர்?"

"நான்."

ஆறு மணிக்கு வந்த அப்பா, நடைபாதைக் கம்பளத்தில் நான் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். விசாரணை நடந்தது. எனக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து நான்கு காரணங்களை வாசித்தேன். டீவிச் சண்டை. பிஸ்கட் பங்கீட்டில் அக்கா தன் தங்கைக்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்தது. ஈரச் சப்பாத்துகள் வாசலில். வீட்டுப்பாடம் நேரத்துக்கு இல்லை. நான்கும் உண்மை. போனைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அப்பா பொறுமையாகக் கேட்டார். "கவிழ்த்தவங்கள் எல்லாரும் இதைத்தானடா ரேடியோவிலை சொன்னவங்கள்" என்றார். பிறகு போனை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

மறுநாள் நாலு மணிக்கு அறைக் கதவில் காதை வைத்தேன். "ஓம் சித்தப்பா. பூட்டியிருக்கு. சாப்பிட்டாச்சு. அழேல்லை." டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு வேறொரு குரலில், மெல்ல, கணக்குச் சோதனையில் எவ்வளவு என்று சொன்னாள். சின்னவளுக்கு முன்பல் விழுந்ததைச் சொல்லிச் சிரித்தாள். ஐந்தாறு நாளாக ஏன் பேசவில்லை என்றால், தம்பி போனைப் பறித்துவிட்டான் (என்னைத்தான் சொன்னாள்), கோவிக்க வேண்டாம் என்றாள். "அப்பா, இஞ்சை சினோ கொட்டுது. நீங்கள் வரேக்கை தடிச்ச கோட்டுப் போட்டுக்கொண்டு வாங்கோ."

போனைத்தான் கொண்டுபோனாள் என்றிருந்தேன்; என் அப்பாவையே அப்பா என்று கூப்பிடுகிறாள். அவர் காலையில் அதே பனிக்குள்தான் கோட்டுப் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார், அவருக்கு அதை ஏன் சொல்ல வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. தொழிற்சாலை போனுக்குப் பின்னால் நின்ற வரிசையும், ஊரில் இருந்த பெரியப்பாவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஒன்பது நிமிடம் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.