குலுக்கிப் பார்த்த மல்லாட்டை

விழுப்புரத்தில் நரம்பு டாக்டரின் அறை வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் பெருமுக்கலிலிருந்து வந்த அந்த அம்மாள். நிமிர்ந்த முதுகு, பெரிய மூக்குத்தி. மடியிலிருந்து மல்லாட்டையை, தோலோடு காய்ந்த வேர்க்கடலையை, ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே நோய்தான், மூளையையும் முதுகுத்தண்டையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ்.

"முதுகுத்தண்டு நீர்ல நோயோட அடையாளம் இருக்குதாம். மூளையும் கொஞ்சம் சுருங்கிடுச்சாம்," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"எனக்குந்தான் சுருங்கிக்கினு வருது. அதுக்கு ஏம்மா அழுவுற? உள்ள பருப்பு சுருங்கினாத்தான் மல்லாட்டை கடகடன்னு சத்தம் போடும். அதத்தான் நாங்க விதைக்கு எடுத்து வெப்போம்."

அந்த அம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். வீல்சேரை வேண்டாமென்று தள்ளிவிட்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டே தலை குனியாமல் நடந்து போனார்.

அடுத்த ஸ்கேனில், "தலைய ஆட்டாதீங்க!" என்று என்னை அதட்டினார்கள். விதைக்குத் தேறுவேனா என்று குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.