மரத்துப் போன வயிறு

ஏழாம் மாதம், வளைகாப்பு முடிந்த அதே வாரம், எனக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரை வாயுப்பிடிப்பு என்றே சாதித்தார் என் கணவர். காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற விசைத்தறியில் அவருக்கு வேலை. ரத்தம் என்று சொன்னாலே தலை சுற்றும். உடனே ஆபரேஷன் என்றதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸ் என் கண்ணாடி வளையல்களைக் கழற்றச் சொன்னார். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, கழட்டாத. உள்ள இருக்கிற பிள்ளைக்கு இந்தச் சத்தம்தான் தெரியும்."

"கையில ஊசி ஏத்தணும், ஆச்சி."

அந்த வளையல் சமாச்சாரத்தை அதுவரை நான் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். அன்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாமியாரிடம் கொடுத்தேன். பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போகிறோமோ என்று பயந்தேன்.

முதுகில் ஊசி போட்டதும் மார்புக்குக் கீழே எல்லாம் மரத்துப் போனது. அதுவரை வலிக்கு நடுவிலும் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை இப்போது இருக்கிறதா, இல்லையா? விழித்துக்கொண்டுதான் கிடந்தேன், ஒன்றுமே தெரியவில்லை.

"பிள்ள அசையலையே, டாக்டர்!"

"அசைஞ்சாலும் உங்களுக்குத் தெரியாதும்மா," என்றார் மயக்க மருந்து டாக்டர். "முன்னெல்லாம் ஆபரேஷன் முடிஞ்ச பொறவுதான் துடிப்பு பாப்போம். இப்ப நடுநடுவே பாத்துக்கிடுவோம். மெஷினக் கேளுங்க."

வயிற்றில் கருவியை வைத்தார்கள். விசைத்தறி ஓடுகிற வேகத்தில் துடிப்பு கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது மெதுவானது.

"அம்மாவுக்குப் பிரஷர் இறங்குது," என்றார் டாக்டர். மேசையை இடப்பக்கம் சாய்த்தார்கள், முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள், ட்ரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று வாய்விட்டே கெஞ்சினேன். துடிப்பு மெல்ல வேகம் பிடித்தது. அதன் பிறகுதான் கத்தியைக் கையில் எடுத்தார்கள். கருவியை எடுத்த போதெல்லாம், "வைங்க, மறுபடி வைங்க," என்று நச்சரித்துத் தொலைத்தேன்.

சாயங்காலம் வார்டில் மரப்பு இறங்கியது. முதலில் வந்தது தையலின் வலி. வேறு எதுவும் வரவில்லை. துடிப்பு நன்றாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னதை நான் நம்பவில்லை. வளையல்களை முந்தானையில் முடிந்துகொண்டு, என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் மாமியார்.

பிறகு, சரியாகத் தையலுக்குப் பக்கத்தில், ஓர் உதை. உயிர் போகிற வலி.

"அத்தே, இன்னொரு தடவ உதைக்கச் சொல்லுங்க," என்று அழுதேன்.

அவர் முடிச்சை அவிழ்த்து, வளையல்களை என் வயிற்றருகே குலுக்கினார்.