கொட்டாத இடத்தைப் பற்றிக் கேட்டவர்

டாக்டர் செலின் இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது, கிளினிக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். "சரி" என்றேன். டீயை முழுவதும் குடித்துவிட்டு, அடுத்த நோயாளியை அனுப்பச் சொன்னேன். அழுகை இன்னும் வரவில்லை. அவரை அறிந்தவர்கள் என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். மரத்துப்போய்க் கிடக்கிறேன்.

இருவரும் அடுத்தடுத்த அறைகளில் நோயாளிகளைப் பார்த்தோம். தேனீ கொட்டியது, குளவி கொட்டியது என்று யார் வந்தாலும் அவரிடம் தள்ளிவிடுவேன். கை பூசணிக்காயாய் வீங்கி, சுண்ணாம்பு அப்பிக்கொண்டு வருவார்கள். "கொட்டின இடம் கெடக்கட்டும். கொட்டாத இடம் என்ன பண்ணுச்சு, அதச் சொல்லுங்க" என்பார். உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு இழுத்ததா, தலை சுற்றியதா? எதுவும் இல்லையென்றால் மாத்திரையோடு அனுப்பிவிடுவார். "இதுக்கா இவ்ளோ படிச்சீங்க?" என்று சீண்டுவேன். "கேக்கத் தெரியணும், முசியே" என்பார். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. எனக்கு அந்த மொழி சுட்டுப்போட்டாலும் வராது. அதற்காகவே அப்படிக் கூப்பிடுவார்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், அரியாங்குப்பத்தில் தேங்காய் பறிக்கும் ஏழுமலை வந்தார். மரத்தில் கதண்டு கொட்டியிருந்தது. குளவியிலேயே பெரியது அது. கை மட்டும்தான் வீங்கியது என்று சாதித்தார். நானாக இருந்தால் நம்பியிருப்பேன். செலின், வெளியே நின்ற அவர் மனைவி அஞ்சலையை உள்ளே கூப்பிட்டார். கொட்டு வாங்கியவரை மட்டும் கேட்டு அவர் ஒருநாளும் முடிவு செய்ததில்லை. பக்கத்தில் இருந்தவரையும் கேட்பார்.

அஞ்சலை புருஷனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "கீழ எறங்கினதும் மூஞ்சி வெளுத்துப்போச்சும்மா. ஒடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு இழுத்துது. பொத்துனு வுழுந்துட்டாரு."

"ஏன் மறைச்சீங்க?"

"மயங்கி வுழுந்தேன்னா இந்த ஊர்ல எவம்மா நம்புவான்? தண்ணி போட்டுட்டான்னுதான் சொல்லுவான். அப்புறம் எந்தத் தோப்புல என்னைக் கூப்புடுவாங்க?"

தெருவுக்குத் தெரு சாராயக்கடை உள்ள ஊரில் அது நியாயமான பயம்தான். "உங்க மானத்த நீங்களே வச்சுக்குங்க. எனக்கு அந்த மயக்கம்தான் வேணும்" என்றார் செலின். அடுத்த கொட்டு உயிரையே எடுத்துவிடலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். மரம் ஏற வேண்டாம் என்றார்.

"ஏறாம எப்டிம்மா சோறு?" என்றார் ஏழுமலை.

மயங்கி விழுந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலின் மருந்தையும் சிரிஞ்சையும் செலின் வரவழைத்து, எவ்வளவு இழுக்க வேண்டும், தொடையில் எங்கே குத்த வேண்டும் என்று அஞ்சலைக்குக் காட்டினார். ஒரு வாழைக்காயில் குத்திக் குத்திப் பழக வைத்தார். வருஷா வருஷம் மருந்தைப் புதிதாக வாங்கி வைக்க வேண்டும், குத்தியதும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சலிக்காமல் சொன்னார். அவர்கள் போன பிறகு, "அந்தம்மா போட்டுடுவாங்களா?" என்று கேட்டேன். "தெரியல" என்றார். அதற்குப் பிறகு கதண்டு என்ற பேச்சு எழும்போதெல்லாம், "அந்த அரியாங்குப்பத்து ஆளு எப்படி இருக்காரோ" என்பார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலில் அஞ்சலை நின்றிருந்தார். செலினைப் பார்க்கக் கிளினிக்கிற்கு வந்தவர், செய்தி கேட்டு அங்கே வந்திருக்கிறார்.

"போன வாரம் மறுபடியும் கொட்டிடுச்சு சார். அதே மாதிரி வுழுந்துட்டாரு. நாந்தான் குத்துனேன். ஆட்டோவுல தூக்கினு ஓடனோம். பொழைச்சுக்கினாரு. அம்மாகிட்ட சொல்லலாம்னு வந்தேன்."

நான் தலையாட்டினேன். செலினுக்கு வந்த செய்தி அது. வாங்கிக்கொள்ள நான்தான் இருந்தேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அவர் அதைக் கேட்காமலே போய்விட்டார்.