நாலுக்கு மேல் வலிக்காது

வல்லம் வடகாலில் நான் ஏழு வருடம் வேலை பார்த்த கம்பெனியில் யாருக்கும் நாலுக்கு மேல் வலித்ததே கிடையாது. அங்கே முதலுதவி அறைக்கு நான்தான் நர்ஸ். அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்களுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் சூப்பர்வைசரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். பத்துக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எண் போட அந்தச் சீட்டில் ஒரு கட்டம் இருக்கும். அஞ்சு போட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், லைனில் ஏன் ஆள் குறைந்தது என்று சூப்பர்வைசர் பதில் சொல்ல வேண்டும். நாலு போட்டால் ஒரு மாத்திரை, பத்து நிமிடம் படுக்கை, திரும்பவும் லைன்.

"சிஸ்டர், பாத்துப் போடுங்க. அஞ்சு போட்டா என் தலதான் உருளும்" என்பார் சூப்பர்வைசர். சேர்ந்த புதிதில் ஒருமுறை ஏழு போட்டேன். அன்றைக்கு அவர் ஒரு பார்வை பார்த்தார். அதோடு சரி. எட்டு என்றாலும் நாலு, ஆறு என்றாலும் நாலு. கத்தினால் நடிப்பு, கத்தாவிட்டால் வலியில்லை. இதுதான் அந்த அறையின் சட்டம், அதை நான்தான் நடத்தினேன்.

வேறு இடம் தேடினால், டிகிரி இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது டிப்ளமோ. அந்த வலிச் சீட்டுகளோடு மாரடித்தே கிழவியாகிவிடுவேன் என்று பயம் வந்தது. முப்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு, டிப்ளமோ முடித்தவர்களுக்கான இரண்டு வருட பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்ந்தேன்.

"இந்த வயசுல இன்னாத்துக்குக் காலேஜு? வூட்ல ஏற்கனவே ஒரு ஸ்கூல் பை கீது, அது பத்தாதா?" என்றார் என் கணவர். ஒரகடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஸ்கூல் பை ஒன்பதாவது படிக்கும் எங்கள் மகளுடையது.

"நான் நெஜ நர்ஸா ஆவணும்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லவே ஒரு நாள்கூட லீவு போடாமல் எங்கள் ஊர் மண்ணூரில் காலேஜுக்குப் பஸ் ஏறினேன். மடிப்பு மடிப்பாகச் சேலை கட்டிப் பழகிய உடம்பை வெள்ளைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண்களின் நடுவே உட்கார்ந்தேன். எல்லோருக்கும் நான் அக்கா. பாடம் நடத்திய மேடமே என்னைவிடச் சின்னவர்.

"பேஷண்ட் சொல்ற நம்பரத்தான் எழுதணும். உங்க அபிப்ராயத்த யாரும் கேக்கல" என்று அந்த மேடம் முதல் வாரமே சொன்னார். பரீட்சையில் அதைப் பற்றிக் கேள்வி வந்தது. நோயாளி எவ்வளவு என்று சொல்கிறாரோ அவ்வளவுதான் வலி என்று இரண்டு பக்கம் வெளுத்து வாங்கினேன். என் தாளை மேடம் வகுப்பில் வாசித்துக் காட்டினார். வெட்கமில்லாமல் பூரித்துப்போனேன்.

இரண்டாம் வருடக் கடைசியில் காலேஜ் ஆஸ்பத்திரியின் சர்ஜரி வார்டில் என்னைப் பயிற்சிக்குப் போட்டார்கள். ஒரு காலை, வயிற்று வலி என்று இருபது வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், இங்கே ஹாஸ்டலில் தங்கி ஏதோ ஒரு கம்பெனி லைனில் நிற்கிறாள். கழுத்தில் கம்பெனி டேக்கைக்கூடக் கழற்றாமல், முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"பத்துக்கு எவ்வளவும்மா வலிக்குது?"

"எட்டுக்கா" என்றாள். அழவில்லை, முனகவும் இல்லை.

நான் நாலு என்று எழுதினேன். கை தானாக எழுதிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் எழுதிய பிறகு அந்த நாலைப் பார்த்தேன். அந்த டேக்கையும் பார்த்தேன். லீவுக்கு வந்திருக்கிறது இது என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்கேன் மத்தியானம் பாத்துக்கலாம்" என்றார். மத்தியானத்துக்குள் அவளுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவ நாலுன்னுதான் சொன்னாளா?"

உண்மையைச் சொன்னால் இரண்டு வருடப் படிப்பு தண்ணீரில் போய்விடும். "ஆமா மேடம்" என்றேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் வயிற்றில் ட்யூபோடு கிடந்தவளிடம் டாக்டர் கேட்டார்: "ஏம்மா, அவ்வளவு வலிய வெச்சிக்கிட்டு நாலுன்னு சொன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் கட்டு மாற்றும் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

"எந் தப்புதான் சார். தெரியாமச் சொல்லிட்டேன்" என்றாள்.

லைனில் பீஸ் கெட்டுப்போனால் இப்படித்தான். தப்பு யாருடையதாக இருந்தாலும் அங்கே நிற்கிற பெண்தான் கையெழுத்துப் போடுவாள். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

டாக்டர் நகர்ந்ததும் குனிந்து கேட்டேன். "எட்டுன்னுதானே சொன்ன. ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"விடுங்கக்கா. எங்க கம்பெனி சிஸ்டரும் அப்படித்தான் கொறச்சி எழுதுவாவ" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "எனக்குப் பத்து வலிச்சுதுக்கா. பத்துன்னா நடிக்கேன்னு நெனைப்பியளோன்னுதான் எட்டுன்னு சொன்னேன்."

என்னால் அவளிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்க முடியவில்லை. கேட்டால் மேடம் காதில் விழுந்துவிடும். கட்டை மாற்றிவிட்டு வந்துவிட்டேன்.

முதல் வகுப்பில் பாஸ் செய்தேன். டிகிரிச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கிவந்த கணவர் வல்லக்கோட்டை முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இப்ப நீ நெஜ நர்ஸுதான்" என்றார்.

அந்த மனுஷன் முதல்முறையாகக் கேலி இல்லாமல் சொன்னார். கேலியே செய்திருக்கலாம்.