ஓடுகிற கடை விற்பனைக்கு

காலையில் கடையைத் திறந்தால் கண்ணாடியில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்து உள்ளேயிருந்து எனக்கு இடம் வலமாக மாறித் தெரியும். எழுதியது நான்தான். கடையை விற்றுத்தர வந்த ஏஜெண்ட் அம்மா தாளில் கொடுத்ததைப் பார்த்து, பெயிண்டில் ஒவ்வொரு எழுத்தாக வரைந்தேன். அதன் பின்னால் நின்று அடுப்பைப் பற்ற வைப்பேன், ரொட்டிக் கல்லைக் காய வைப்பேன், சாம்பார் கொதிக்கும். சாப்பிட ஆள் வருவதில்லை. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கிற இந்தப் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வரிசையில் பாதிக் கடைக்கு இரும்புக் கதவு இறங்கிவிட்டது. கொஞ்சம் நான் தின்பேன். மிச்சத்தைக் கொட்டுவேன்.

அறந்தாங்கியில் நான் டீ ஆற்றிய கடையும் ஒருநாள் விலைக்குப் போனது. சொந்தக்காரர் பூட்டைப் போட்டார், பக்கத்து உரக்கடையில் சொன்னார், கைமாறியது. பூட்டின கடை என்று யாரும் குறைத்துப் பேசவில்லை. இங்கே என் மொதலாளியும் அப்படித்தான் நினைத்தார். இங்கேயே பிறந்த தமிழர், பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை. அட்டையில் 'ஷாப் ஃபார் சேல்' என்று எழுதி ஒட்டினார். ஏஜெண்ட் அம்மாவும் தமிழ்தான். வந்ததும் அட்டையைப் பிய்த்தார்.

"என்ன அங்கிள், பழைய பாத்திரம் விக்கிற மாதிரி போட்டிருக்கீங்க? 'கோயிங் கன்சர்ன்'னு போடணும் லா. ஓடுற கடைய பேரு, லைசென்ஸ், ஆளு எல்லாத்தோடயும் விக்கிறோம்னு அர்த்தம்."

"ஆளுன்னா?" என்று கேட்டேன்.

"நீங்கதான் அண்ணே."

மொதலாளி சிரித்தார். "பாத்தியா தம்பி, இங்கிலீஷ்ல உன்னையும் போட்டாச்சு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "பூட்டி வெச்சுட்டு அத எழுத முடியாது அங்கிள். வாங்குறவங்க வந்து பாத்தா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

அப்போது என் மகளுக்குத் தையில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. லீவு கேட்டிருந்தேன், மொதலாளியும் சரி என்றிருந்தார். கண்ணாடியில் எழுதிய பிறகு பேச்சு மாறியது. "நீ போனா கடை பூட்டிக்கும் தம்பி. வித்ததும் அனுப்புறேன். புது மொதலாளிகிட்ட திரும்பி வந்து சேந்துக்கலாம்." கூட வேலை பார்த்த பங்களாதேஷ்காரர் முன்பே போய்விட்டார். கல்லில் நிற்க நான் ஒருவன்தான். என் பெர்மிட் அவர் கடையின் பேரில். பாஸ்போர்ட் அவர் கல்லாப்பெட்டியில். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். இருந்துவிட்டேன்.

"வண்டிய வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி வெக்கிறேங்க. நீங்க வந்தா பத்திரிக வைக்க அலையணும்ல" என்பாள் மனைவி போனில். என் பழைய மொபெட். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஸ்டாண்டு போட்டு உதைத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவாள். எஞ்சின் செத்துவிடக் கூடாது என்று நான்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

தை வந்தது. முகூர்த்தத்தன்று யாரோ கடை பார்க்க வருவதாகச் சொன்னார்கள். கல்லைக் காய வைத்துக்கொண்டு நின்றேன். போனில் மேளச் சத்தம் கேட்டது. கடை பார்க்க யாரும் வரவில்லை.

மாசியில் ஒரு சீனர் வந்தார். மலாயில் ஏதோ கேட்டு அடுப்பைக் காட்டினார். ரொட்டி கேட்கிறார் என்று ஒன்று சுட்டு வைத்தேன்.

"ரொட்டி இல்லப்பா" என்றார் மொதலாளி. "அடுப்ப எப்ப எடுப்பீங்கன்னு கேக்குறாரு." போன் கடை வைக்கப் போகிறாராம். இடம் மட்டும் போதுமாம்.

சாயங்காலம் ஏஜெண்ட் அம்மா வந்தார். "கண்ணாடில எழுதினத அழிச்சிடுங்க அண்ணே. வெறும் எடந்தான் போவுது. அக்ரிமெண்ட்லயும் அந்த வார்த்தய எடுத்துட்டேன். இனி போட்டா தப்பு."

"ஆளு?"

"அங்கிள் டிக்கெட் போடுவாரு."

"திரும்பி வரவா?"

"போறதுக்கு மட்டும் அண்ணே."

தின்னர் போட்டுத் துடைத்தேன். பெயிண்ட் போயிற்று, தடம் போகவில்லை. அடுப்பை அணைத்தேன். மனைவியைக் கூப்பிட்டு, வருகிறேன் என்றேன். மகள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள், இவள் மட்டும்தான் இருக்கிறாள். "இருங்க, வண்டி நல்லாத்தான் இருக்கு, கேளுங்க" என்று போனைக் கீழே பிடித்தாள். ஒரே உதையில் எஞ்சின் பிடித்தது. ஸ்டாண்டில் நிற்கிற வண்டிக்குப் பின்சக்கரம் தரையில் படாமல் சுற்றும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி ஆறுகிற கல்லின் முன்னால் நின்றேன்.