ஒரு வரி போதும்

போட்டாதாங்கில் நான் இணையக் கடை வைத்திருந்தபோது, சனிக்கிழமைதோறும் ஆற்றின் அக்கரையிலுள்ள டாலாவிலிருந்து படகேறி ஓர் அக்கா வருவார். பர்மியப் பெண்களைப்போலக் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, கையில் பழைய லேப்டாப். அதில் வயர்லெஸ் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். அதைச் சரிசெய்ய, லினக்ஸ் இயங்குதளத்தின் வயர்லெஸ் டிரைவர் நிரலில் நான்கு வரி எழுதி, அதைப் பராமரிக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பியிருந்தார்.

லினக்ஸ் நிரலுக்குத் தலைமைப் பிரதி ஒன்று உண்டு. வயர்லெஸ்காரர்கள் தங்களுக்கென்று தனிப் பிரதி வைத்திருந்தார்கள். இரண்டையும் திறந்து, திரையில் விரல் வைத்து வரிவரியாக ஒப்பிடுவது அவர் வழக்கம்.

ஒருநாள் விரல் பாதியில் நின்றது. அவருடைய திருத்தம் வயர்லெஸ் பிரதியில் ஏறியிருந்தது. ஆனால் அதே இடத்தைத் தலைமைப் பிரதியில் வேறொருவர் மாற்றியிருந்தார். இரண்டும் பொருந்தவில்லை, திரும்ப எழுதுங்கள் என்று மின்னஞ்சல் வந்திருந்தது.

"இத்தன மாசப் பாடும் வீணாப் போச்சா, அக்கா?" என்றேன்.

"இல்ல தம்பி. எனக்கு வேண்டிய மூணு வரிய அத மாத்தினவரே எழுதிட்டார். இனி ஒரு வரி போதும்."

"ஆளத் தெரியுமா?"

"தெரியாது. எப்படி யோசிப்பார்னு தெரியும்."

அந்த ஒரு வரி இரண்டு பிரதிகளிலும் ஏறியது. பிறகு அக்கா வரவில்லை. ஓராண்டு பக்கத்தில் இருந்தும் அவர் எப்படி யோசிப்பார் என்று எனக்குத் தெரியாது. பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.