குழாயில் தண்ணீர் வந்தது

மும்புவாவின் வீட்டுக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போக வேண்டியதில்லை. எப்போது போனாலும் அடுப்பில் எதையாவது ஏற்றிவிடுவாள். காணாமல் போன மாட்டைத் தேடி வந்தவனுக்கும் தேநீர் உண்டு. ஓட்டுக் கேட்டு வந்து, ஜெயித்த பிறகு இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவனுக்கும் உண்டு. நான் இதோலேகா ஊரில் தேநீர்க்கடை வைத்துப் பிழைப்பவள். என் வியாபாரத்தைக் கெடுக்கவென்றே பிறந்தவள் நீ என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

"ஏ கதிலே, நீ காசுக்கு ஊத்துற, நான் சும்மா ஊத்துறேன். வர்றவனுக்கு எது ருசிக்கும், நீயே சொல்லு," என்று சிரிப்பாள்.

அவள் கணவர் மொம்பாசா துறைமுகத்தில் காவல்காரர். கிறிஸ்துமஸுக்கு வருவார், போவார். அவளுடைய முதல் பிள்ளை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மாட்டுவண்டியில் பிறந்து அங்கேயே இறந்தது. ரொம்ப நாள் கழித்துத்தான் காசிவா பிறந்தாள். அந்த வண்டிப் பயணத்தைப் பற்றி மும்புவா பேசி நான் கேட்டதில்லை. ஆனால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஊர்க்குழுத் தலைவி வேண்டும் என்று கூட்டம் போட்டபோது, யாரும் பெயர் சொல்வதற்கு முன்பே தானாகக் கையைத் தூக்கினாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் அப்படித் தூக்குவதில்லை.

ஆஸ்பத்திரி என்றால் ஒரு அறை, ஒரு நர்ஸ். முதேனி சிஸ்டர் நல்லவர்தான். ஆனால் தண்ணீர் இல்லாத இடத்தில் பிரசவம் பார்க்கக் கூடாது என்பது சட்டம். யாருக்காவது வலி எடுத்தால் டவுனுக்குப் போன் போடுவோம். ஆம்புலன்ஸ் தாமதமாக வரும், ஆனால் வரும். பிரசவ வார்டும் ஆழ்துளைக் கிணறும் வேண்டும் என்று மும்புவா மாவட்டத்தை ஆளும் கவுண்டி அலுவலகத்துக்கு வருஷக்கணக்காக நடந்தாள். கடைசியில் பட்ஜெட்டில் இடம் கிடைத்தது. காண்ட்ராக்டர் வந்தார். சுவர் எழுந்தது, தரையில் டைல்ஸ், சுவரில் குழாய், அதன் கீழே பேசின், கூரைமேல் பெரிய தொட்டி. தொட்டியிலிருந்து குழாய்க்கு பைப் இறங்கியது. தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதற்குத்தான் எதுவும் இல்லை. கிணறு தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து கருவேல மரத்தடியில் நிறுத்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. கவுண்டி சபையின் கணக்குக் குழு ஊர் ஊராகப் போய் ஒப்பந்த வேலைகளைப் பார்வையிடுகிறதாம், எங்கள் வார்டையும் பார்க்க வருகிறதாம். கிணறு இல்லை என்று அவர்கள் எழுதிவிட்டால் போதும். ஒன்று காண்ட்ராக்டரைப் பிடித்துத் தோண்ட வைப்பார்கள், இல்லையென்றால் வரப்போகும் பட்ஜெட்டில் மறுபடி பணம் போடுவார்கள். காசிவா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். "என் பேத்தி இந்த வார்டுலதான் பொறக்கப் போறா, பாத்துக்கிட்டே இரு," என்று மும்புவா என் கடைவாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

குழு வருவதற்கு முதல்நாள் வார்டைக் கூட்டிக் கழுவிக்கொண்டிருந்தோம்.

"தொட்டி காலியாவே இருக்கட்டும்க்கா. வந்து குழாயத் தொறந்து பாக்கட்டும்," என்றார் முதேனி சிஸ்டர்.

"பாக்கட்டும் சிஸ்டர். ஆனா கை எதுல கழுவுவாங்க? கக்கூசுக்குப் போகணும்னா? அம்புட்டு தூரத்துலேருந்து வர்றவங்கள நாத்தத்துல நிக்க வைக்கச் சொல்றீங்களா?"

"நாத்தம் அடிச்சாத்தான்க்கா விஷயம் புரியும்," என்றேன் நான்.

"அதுக்கு உன் கடைக்கே கூட்டிட்டுப் போயிருவேனே!"

சிரித்துச் சிரித்தே அவள் காரியத்தைச் சாதித்துக்கொள்வாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கேன்களில் நிரப்பினோம்; ஊரில் இருந்த கழுதைகள் எல்லாம் தண்ணீர் சுமந்தன. ஆண்கள் ஏணி வைத்து ஏறி ஊற்றினார்கள். என் கழுதையும் போனது. தொட்டி நிரம்பியபோது பெண்கள் குலவையிட்டார்கள்.

அவள் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'ஐயா, இது நாங்க ஊத்துன தண்ணி. போர் போடவே இல்லை. வாங்க, எடத்தக் காட்டுறேன்.' அவ்வளவுதான். ஆனால் வந்தவர்கள் கை கழுவிச் சாப்பிட்ட பிறகுதான் சொல்வாளாம். பசியோடு வந்து நிற்கிறவர் முகத்துக்கு நேரே குறை சொல்வது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம். நானும் செய்திருக்க மாட்டேன்.

காலையில் வருவார்கள் என்று சொன்னார்கள், வெயில் சாய்ந்த பிறகு வந்தார்கள். வரிசையாக வண்டிகள், உறுப்பினர்கள், குறிப்பெழுதும் குமாஸ்தா, கேமராக்காரன், காண்ட்ராக்டரின் ஆள் ஒருவன். குழுத் தலைவர் முலாண்டி ஆளும் பெரியவர், சிரிப்பும் பெரியது. கெட்டவர் இல்லை. என் ஆத்திரமே அதுதான். திருடனாக இருந்தால் வயிறெரியத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வார்டுக்குள் போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார். டைல்ஸைக் காலால் தேய்த்தார். குழாயைத் திறந்தார்.

தண்ணீர் வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியது. முலாண்டி முகம் கழுவினார், கையில் ஏந்திக் குடித்தார். "அடடா! நைரோபிலகூட இப்படித் தண்ணி கெடையாதுய்யா!" என்றார். மற்றவர்களும் வரிசையில் நின்று கழுவிக்கொண்டார்கள். குமாஸ்தா எழுதினான். கேமராக்காரன் குழாயைப் படம் எடுத்தான்.

"ஐயா, அந்தத் தண்ணி..." என்று மும்புவா தொடங்கினாள்.

"அமிர்தம்மா, அமிர்தம்!"

"அதப் பத்தித்தான் ஒரு வார்த்தை..."

"தாராளமா சொல்லுங்கம்மா. அதென்ன வாசன? ஆட்டுக்கறியா? காலைல ஒரு பன்னு தின்னது, அதோட சரி."

மும்புவா அவர் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் இடுப்பில் கிள்ளினேன். "மொதல்ல சாப்பிடுங்க ஐயா, பொறகு பேசலாம்," என்றாள்.

"இப்பவே சொல்லித் தொலைக்கா," என்று காதில் சொன்னேன்.

"பட்டினியா இருக்காருடி. வாய மூடு."

அங்கே நிழல் என்று இருப்பது அந்தக் கருவேல மரம் ஒன்றுதான். நாற்காலிகளை அங்கேதான் போட்டிருந்தோம். கிணறு இருந்திருக்க வேண்டிய இடத்தின் மேலேயே உட்கார்ந்து கறியும் சப்பாத்தியும் சாப்பிட்டார்கள். "போர் எங்கப்பா?" என்று ஒரு பெண் உறுப்பினர் கேட்டாராம். "நாம உக்காந்திருக்கிற எடந்தான் மேடம்," என்று காண்ட்ராக்டரின் ஆள் சொன்னானாம். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கை ஈரம் காய்வதற்குள் மலைப்பக்கம் மேகம் கறுத்தது. ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் இன்று தாண்ட முடியாது என்று டிரைவர்கள் அவசரப்படுத்தினார்கள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். முலாண்டி மும்புவாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "இப்படி ஒரு ஊர நான் பாத்ததில்லம்மா," என்று சொல்லி வண்டியில் ஏறினார். கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மும்புவா பின்னால் ஓடினாள். "போர் இல்ல ஐயா! போர் போடல!" என்று கத்தினாள். வண்டிக்குள் இருந்தவர்கள் கையை ஆட்டினார்கள். வழியனுப்ப ஓடி வருகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

குழுவின் அறிக்கை வந்தது. இதோலேகா பிரசவ வார்டு முழுமையாக முடிந்திருக்கிறது, தண்ணீர் வசதி மிக நன்று, ஒப்பந்தம் நிறைவேறியது. எங்கள் தண்ணீருக்கென்று ஒதுக்க இருந்த பணம் விளையாட்டு மைதானத்துக்கு வேலி போடப் போய்விட்டது.

பட்ஜெட்டுக்கு மக்கள் கருத்துச் சொல்லும் நாளன்று நானும் அவளும் பஸ் பிடித்து கவுண்டி சபைக்குப் போனோம். அவள் முறை வந்தபோது முலாண்டி அடையாளம் கண்டு எழுந்தே நின்றார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, நான் என் கையால தொறந்தேன், என் வாயால குடிச்சேன்," என்றார் அவர்.

"குடிச்சீங்க ஐயா. அது நாங்க கழுதையில கொண்டாந்து ஊத்துனது."

"எதுக்கு ஊத்துனீங்க?"

"நீங்க வர்றீங்கன்னுதான்."

கூடமே சிரித்தது. "குழுவையும் ஏமாத்திட்டு, குழுகிட்டயே புகாரா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

அந்தப் பெண் உறுப்பினர் மெதுவாகக் கேட்டார். "அங்கேயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்கல்லாம் பசியோட இருந்தீங்க."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். என்னைப்போல மடச்சி உண்டா! முலாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிக்கையைச் சபை ஏற்றுக்கொண்டுவிட்டது, பட்ஜெட் அதன்மேல்தான் போட்டிருக்கிறது, திருத்த வேண்டுமென்றால் குழு தான் பார்த்ததையே பொய் என்று சொல்ல வேண்டும் என்று விளக்கினார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அவருக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. எங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்து ஒரு வரி சேர்க்கச் சொன்னார். வார்டுக்கான தண்ணீரை இதோலேகா மக்களே ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்களைக் குழு பாராட்டுகிறது.

பஸ் பிடித்து ஊர் திரும்பினோம். அந்தப் பாராட்டு என்ன செய்யும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

காசிவாவுக்கு ஒரு உச்சிவேளையில் வலி எடுத்தது. மழை பொய்த்து ஆற்று ஊற்றுகள் வற்றியிருந்தன. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முதேனி சிஸ்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், காதுக்குழாய் வைத்துக் கேட்டார். பிள்ளையின் நாடித்துடிப்பு குறைகிறது, உடனே டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். ஆம்புலன்ஸுக்கு மும்புவாவே போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன், மறுமுனையில் போனை எடுத்த பையன் பேசியது எனக்கும் கேட்டது.

"இதோலேகாவா? உங்களுக்குத்தான் வார்டு இருக்கேம்மா. வார்டு இல்லாத ஊருக்குத்தான் இப்ப மொதல்ல வண்டி அனுப்புறோம்."

"தண்ணி இல்லப்பா அதுல."

"இருக்குன்னு போட்டிருக்கேம்மா. நீங்களே ஏற்பாடு பண்ணிக்கிட்டீங்கன்னும் போட்டிருக்கு."

"தம்பி, என் மகப்பா. தலைப்பிரசவம்."

"வண்டி திரும்பி வந்ததும் அனுப்புறேம்மா," என்றான். அவன் குரலிலும் கெடுதல் இல்லை.

கடைசியில் சிமெண்டு ஏற்றும் வண்டி ஒன்று கிடைத்தது. ஆற்றைத் தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை, நிறைய முடி. அழவில்லை. முதேனி சிஸ்டர் அதன் வாயில் ஊதிக்கொண்டே இருந்தார், நாங்கள் போதும் என்று சொல்லும்வரை.

காசிவா பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பல நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். நான் கஞ்சி கொண்டுபோன ஒரு மாலையில்தான் வாய் திறந்தாள், திரும்பாமலே.

"எதுக்கும்மா அன்னிக்குத் தண்ணி ஊத்துன?"

மும்புவா தரையில் உட்கார்ந்திருந்தாள். கோபப்படுவாள், அழுவாள், கவுண்டியைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் முலாண்டியின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன்.

"தெரியலடி," என்றாள். "நாளைக்கே அவங்க மறுபடி வந்து நின்னாலும் ஊத்திருவேனோன்னு பயமா இருக்கு."

காசிவா போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். கஞ்சியை இருவரும் தொடவில்லை.